வரைபடம் வந்தால் கப்பல் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் ‘டிரிங்கோமலி’ என்ற பாய்மரப் போர்க்கப்பலைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மூழ்காமல் இருக்கிறது என்று தமிழ் வாசகர்களுக்குச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அதே கட்டுரையில், ‘லண்டனிலிருந்து வரைபடம் வந்தது, பம்பாய்த் தச்சர்கள் அதன்படி அடித்து முடித்தார்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

கப்பலைக் கட்டியவர் ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா. அவருடைய தாத்தா லவ்ஜி நசர்வான்ஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் அழைப்பின் பேரில் 1736இல் சூரத்திலிருந்து சில தச்சர்களைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தவர். வாடியா என்றாலே குஜராத்தியில் கப்பல் கட்டுபவர் என்று பொருள். தாத்தா தலைமை ஓடாவியாக, அதாவது தலைமைக் கப்பல் தச்சராக, இருந்தார் என்பதற்காகப் பேரனை நேரே நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. 1771இல் ஜம்செட்ஜியும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஃபிராம்ஜியும் கப்பல் பட்டறைக்குள் நுழைந்தபோது வாங்கிய சம்பளம் மாதம் 12 ரூபாய். சாதாரணத் தச்சனுக்கான கூலி. இருவரும் தலைமைக்கு வந்தது 1792இல். நடுவில் 21 ஆண்டுகள். 1804இல் ஃபிராம்ஜி இறந்த பிறகு, 1821இல் தாம் கண்மூடும்வரை பட்டறையின் முழுப் பொறுப்பும் ஜம்செட்ஜியுடையது. அந்தப் பதினேழு ஆண்டுகளில்தான் பெரிய போர்க்கப்பல்கள் வரிசையாக வந்தன. 1805இல் ‘சால்செட்’, 1810இல் 74 பீரங்கிகள் கொண்ட ‘மிண்டன்’, 1813இல் ‘கார்ன்வாலிஸ்’, 1815இல் ‘வெல்லஸ்லி’, 1817இல் ‘மெல்வில்’, அதே ஆண்டு அக்டோபர் 12இல் ‘டிரிங்கோமலி’.

அக்காலத்தில் இங்கிலாந்திலும் இதே நடைதான். அரசுக் கப்பல் பட்டறையில் பதினான்கு வயதில் சேரும் பையன் ஏழாண்டு தொழில் பயில வேண்டும். பிறகு ஓடாவி, பிறகு இருபது பேர் கொண்ட கூட்டத்துக்கு மேஸ்திரி, பிறகு மேற்பார்வையாளர், உதவித் தலைவர், கடைசியாகத் தலைமை ஓடாவி. ராபர்ட் செப்பிங்ஸ் 1782இல் பிளிமத்தில் பயிலச் சேர்ந்தார். சாத்தம் பட்டறைக்குத் தலைவரானது 1804இல், கடற்படைக் கப்பல்களுக்கெல்லாம் வடிவமைப்பாளரானது 1813இல். மேலே போகப் போகக் கையில் மரம் செதுக்கும் வாய்ச்சி குறையும், கணக்குப் புத்தகம் கூடும். ஆனால் வாய்ச்சி பிடிக்காத கை அங்கே போக முடியாது.

இப்போது அந்த வரைபடத்துக்கு வருவோம். கடற்படை அனுப்பும் படம் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் வரைந்தது. அதாவது உண்மைக் கப்பலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்த்த பாதி அகலம், குறுக்கு வெட்டு என மூன்று தோற்றங்கள் அதில் இருக்கும். அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கனமுள்ள கோட்டை நாற்பத்தெட்டால் பெருக்கினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் வந்துவிடும். ஆகவே படத்தை அப்படியே மரத்தில் ஏற்ற முடியாது. முதலில் மர அச்சுகள் எடுக்கும் கூடத்தின் பலகைத் தரையில் கப்பலை முழு அளவில் சுண்ணக்கட்டியால் வரைய வேண்டும். மெல்லிய மரச்சலாகையை வளைத்து, புள்ளிகளில் ஆணி அடித்து நிறுத்தி, சலாகை எங்கே தானாக வளைய மறுக்கிறது, எங்கே புடைக்கிறது என்று குனிந்து ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். புடைப்பு தெரிந்தால் அந்த இடத்தில் மூன்று தோற்றங்களில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எதைத் திருத்துவது? அகலத்தையா, உயரத்தையா? அதைத் தீர்மானிப்பவர் தலைமை ஓடாவி. லண்டனிடம் கேட்டு எழுதினால் பதில் வர ஓராண்டு ஆகும்.

தரையில் கோடு சரியான பிறகு ஒவ்வொரு வங்குக்கும் மெல்லிய பலகையில் அச்சு எடுப்பார்கள். வங்கு என்றால் கப்பலின் விலாச்சட்டம். ஏராவின் மேல், அதாவது அடிமரத்தின் மேல், இரண்டரை அடிக்கு ஒன்று என்று நிற்கும். நடுக்கப்பலில் வங்கின் வெளிமுகம் ஏராவுக்கு நேராக இருக்கும். முன்முனையான அணியத்தை நோக்கியோ பின்முனையான அமரத்தை நோக்கியோ போகப் போகக் கப்பல் ஒடுங்குவதால் அந்த முகம் சாய்வாக வர வேண்டும். சாய்வு ஒவ்வொரு வங்கிலும் வேறு. ஒரே வங்கிலும் மேலே ஒரு சாய்வு, கீழே ஒரு சாய்வு. இவற்றை ஒரு தனிப் பலகையில் கோடுகளாகக் குறித்து அச்சோடு சேர்த்து மரக்கிடங்குக்கு அனுப்புவார்கள். சாய்வைக் கொஞ்சம் கூடச் செதுக்கிவிட்டால், மேலே வரும் பலகை வங்கின் முழு முகத்திலும் உட்காராது. ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில் ஆப்பு வைத்து மறைக்கும் சோம்பேறித் தச்சனும் உண்டு. ஆப்புக்குப் பின்னால் ஈரம் தேங்கும், பத்தாண்டில் வங்கு உளுத்துவிடும். குறைவாகச் செதுக்கினால் பிறகு செதுக்கிக்கொள்ளலாம், கூலி மட்டும்தான் நட்டம். அதனால் சந்தேகம் வந்தால் மரத்தை விட்டுவை என்பதே பட்டறைப் பாடம்.

தலைமை ஓடாவியின் உண்மையான வேலை மரக்கிடங்கில்தான். 74 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் என்பது இங்கிலாந்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எண்ணிக்கையைவிட வடிவம்தான் சிக்கல். வளைந்த உறுப்பை நேர்மரத்திலிருந்து அறுத்தெடுத்தால் நரம்பு குறுக்கே வெட்டுப்பட்டுவிடும். அந்த இடத்தில் அலையின் ஓர் உதையில் பிஸ்கட் போல முறியும். ஆகவே வளைவு மரத்திலேயே இயற்கையாக இருக்க வேண்டும். வேலியோரத்தில் தனியாக வளரும் ஓக் மரம் நாலாபுறமும் கோணிக்கொண்டு வளரும், வளைகட்டைகள் தாராளமாகக் கிடைக்கும். மலபார்க் காட்டுத் தேக்கோ ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகப் போகும். உத்திரமும் வங்கும் சேரும் மூலைக்கு வைக்கும் வளைகட்டைக்கு, பெருங்கிளை அடிமரத்தோடு சேரும் கவையைத் தேட வேண்டும். நூறு மரங்களைப் புரட்டிப் பார்த்தால் நல்லது ஐந்தாறு தேறும். எந்த மரத்தை எதற்கு வைப்பது என்று வெட்டுவதற்கு முன்பே மனத்தில் கப்பலைக் கட்டி முடித்திருக்க வேண்டும். இதை எந்த வரைபடமும் சொல்லாது.

தேக்கு பம்பாய்க்கு வந்து சேரும் வழியும் சாதாரணமானதல்ல. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். எனவே நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் அதற்கடுத்த வெள்ளைப் பகுதியையும் வட்டமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். காய்ந்த மரம் மிதக்கும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தோடு கடற்கரைக்கு இறங்கி, அங்கிருந்து கப்பலேறும். இதில் ஒரு தொல்லை உண்டு. காய்ந்த மரத்தைச் சாய்க்கும்போது சரியான பக்கம் விழாவிட்டால் நெடுக்கப் பிளந்துவிடும். தேக்கின் நடுத்தண்டில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடுவதும் சகஜம். கிடங்குக்கு வந்த மரத்தை ஒருவன் ஒரு முனையில் சுத்தியால் தட்ட, இன்னொருவன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பான். கணீரென்றால் நல்ல மரம். மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்போ பொந்தோ இருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியைத் தவிர வெள்ளையை ஒரு விரல்கூட விடாமல் செதுக்கித் தள்ள வேண்டும், பூச்சி முதலில் அங்கேதான் ஏறும்.

மலபார்க் காடுகளை 1806இல் கம்பெனி கேப்டன் வாட்சன் என்பவரிடம் கொடுத்தது இந்தக் கப்பல் மரத்துக்காகத்தான். தனியார் நிலத்துத் தேக்கைக்கூட மக்கள் தொட முடியாமல் போனது. அந்த ஏற்பாட்டை 1823இல் ஒழித்தவர் அப்போதைய சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரைமேல் இன்றும் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். ‘டிரிங்கோமலி’யின் மரம் வெட்டப்பட்டது வாட்சன் காலத்தில் என்பதையும் பெருமையோடு சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

ஏரா ஒரே மரமாக அமையாது. பல துண்டுகளைச் சாய்வாகச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து நீண்ட செப்பு ஆணிகளால் இறுக்குவார்கள். ஏராவின் இணைப்பும் அதற்கு மேலே வரும் உள் ஏராவின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது. பாய்மரத்தின் அடி ஊன்றும் இடத்துக்குக் கீழேயும் வரக் கூடாது. இங்கே கண்ணுக்குப் படாத ஒரு சிறு வேலை உண்டு. ஏராவின் இணைப்புக் கோடு, பலகை பதியும் காடியை, அதாவது நீள்பள்ளத்தை, கடக்கும் இடத்தில், குறுக்கே ஒரு துளை போட்டு விரல் தடிமனில் மென்மர முளை ஒன்றை அடித்துவிடுவார்கள். நனைந்ததும் அது ஊதி, இணைப்பு வழியாக ஊர்ந்து வரும் நீரை நிறுத்தும். ஓட்டைபோட ஒரு தச்சனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. மறந்துவிட்டால்? வெளியே எத்தனை முறை அடைத்தாலும் கப்பலின் வயிற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது; அந்த இடமோ பலகைக்கும் ஏராவுக்கும் அடியில் புதைந்து கிடக்கும். தலைமை ஓடாவி பலகை ஏற்ற அனுமதி கொடுக்கும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் அந்த முளையின் தலையைத் தொட்டுப் பார்ப்பது வீண் கெடுபிடி அல்ல.

ஏராவில் வெள்ளி ஆணி ஒன்றை அடிப்பது வாடியா போன்ற பார்சி ஓடாவிகளின் வழக்கம். அதைத் தங்கள் கட்டுரை அரைப் பத்தி வர்ணித்திருக்கிறது, நன்று. அடுத்த தடவை அந்த மென்மர முளைக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

பலகை ஏற்றுவதில் இரண்டு விதிகள். முதலாவது, ஒரே வங்கின்மேல் இரண்டு பலகை முனைகள் முடிய வேண்டுமானால் நடுவில் குறைந்தது மூன்று முழு வரிசைகளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் அந்த வங்கோடு சேர்ந்து முறியும். செங்கல் கட்டுக்குக் கொத்தனார் பார்க்கும் அதே கணக்குதான். இரண்டாவது, அணியத்தின் வளைவில் ஏறும் பலகையை நீராவிப் பெட்டியில் அவிக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக்கணக்கு. நான்கு அங்குலப் பலகை என்றால் நான்கு மணி நேரம். வெளியே எடுத்தபின் சில நிமிடங்கள்தான் இணங்கும். அதற்குள் ஓடி, தூக்கி, பிடிப்பான்களால் இறுக்கிவிட வேண்டும். தாமதித்து வலுவில் வளைத்தால் பலகை அப்போது முறியாது. மேல் நரம்பு மட்டும் மயிரிழை போலக் கிழிந்திருக்கும், முதல் புயலில் தெரியும்.

சூரத், பம்பாய்ப் பட்டறைகளுக்கு இதில் சொந்த முறை ஒன்று இருந்தது. பலகையின் விளிம்பில் காடி வெட்டி, அடுத்த பலகையை அதற்குள் பொருத்தி, நடுவில் பருத்தியும் குங்கிலியமும் வைத்து இறுக்குவார்கள். பார்த்த ஐரோப்பியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வேலை இரட்டிப்பு. ஆனால் அப்படிச் செய்த பக்கச்சுவர் ஒரே பலகை போல நிற்கும். சாதாரண முறையில் பலகைகளுக்கு நடுவே வெளிப்பக்கம் சற்று அகன்ற சந்து விட்டு, கலப்பத்து அடிப்பார்கள். பழைய கயிற்றைப் பிரித்துத் திரித்த நாரை அகன்ற உளியும் கொட்டாப்புளியும் கொண்டு சந்துக்குள் ஓட்டி, மேலே காய்ச்சிய கீல் (தார்) ஊற்றுவது. நார் குறைந்தால் ஒழுகும், எல்லோருக்கும் தெரியும். அதிகமானாலும் கேடு என்பது பலருக்குத் தெரியாது. நனைந்து மரம் ஊதும்போது திணித்த நார் இடம் கொடுக்காமல் பலகையையே வங்கிலிருந்து தள்ளிவிடும். கலப்பத்துக்காரனின் கை அடிக்கும் சத்தத்தை வைத்தே மேஸ்திரி சொல்லிவிடுவார்: சத்தம் மெத்தென்றிருந்து கெட்டியாக மாறும் தருணத்தில் நிறுத்த வேண்டும்.

ஆணி விஷயம் தனி. ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் இரும்பைத் தின்னும், இரும்பின் துரு திரும்ப மரத்தைத் தின்னும். அதனால் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் கனமுள்ள மர ஆணிகளை அடித்தார்கள். நனைந்தால் ஊதி இறுகுவது அவற்றின் குணம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, இரும்போடு சண்டை போடாது. இந்த ஒரு குணத்துக்காகவே தேக்கைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவிலிருந்து காக்க அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தத் தொடங்கியதும் புதிய வம்பு வந்தது. உப்புநீரில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு கரையும். வெளியே தகடு பளபளக்கும், உள்ளே இரும்பு ஆணி ஊசியாக மெலிந்திருக்கும். 1780களில் ஆங்கிலக் கடற்படை இதை அடிபட்டுத் தெரிந்துகொண்டு, நீர்மட்டத்துக்குக் கீழே செப்பு ஆணிக்கு மாறியது. தகடு ஒவ்வொன்றும் நான்கு அடிக்குப் பதினான்கு அங்குலம். முன்தகட்டின் விளிம்பு பின்தகட்டின்மேல் ஏறும்படி, கூரை ஓடு வேய்வதைப் போலப் போர்த்த வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடும் நீரே விளிம்பைப் பிடித்து உரித்துவிடும்.

பம்பாயில் ஏன், சென்னையில் ஏன் இல்லை என்று கட்டுரை கேட்கிறது, பதில் சொல்லவில்லை. பதில் கடல்மட்டத்தில் இருக்கிறது. பம்பாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பதினைந்து அடி அளவில் ஏறி இறங்கும். உயர் நீரில் கப்பலை உள்ளே விட்டு, நீர் வடிந்ததும் கதவை மூடினால் கப்பல்கூடம் ஏறக்குறைய தானே உலர்ந்துவிடும். 1750இல் முதல் உலர்கூடமும் அடுத்த பதினைந்தாண்டுக்குள் இன்னும் இரண்டும் அங்கே எழுந்தன. ‘மிண்டன்’ போன்ற பெரிய கப்பல்களுக்கு டங்கன் கூடம் 1810இல் தயாரானது. சென்னையிலோ நீர் ஏற்ற இறக்கம் மூன்று நான்கு அடிதான். அன்று துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கு ஏற்றி இறக்கின. திறமை இல்லாமல் அல்ல, நீர் இல்லாமல்தான் சோழமண்டலக் கரை இந்த வேலையை இழந்தது.

உலர்கூடத்தில் கட்டுவதில் இன்னொரு லாபம். சாய்தளத்தில் கட்டிச் சறுக்கி இறக்கும்போது அமரம் முதலில் மிதந்து எழும்பும், அணியம் இன்னும் தளத்தில் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் புதுக்கப்பலின் முதுகு அசாதாரணமாக நெளியும். இறக்கும் முன்பு கப்பலின் மேல்தளத்தில் முன்னும் நடுவிலும் பின்னுமாக மூன்று குறிக்கோல்களை ஒரே கோட்டில் நிறுத்தி, மிதந்தபின் மறுபடி பார்ப்பார்கள். நடுக்கோல் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அவ்வளவு முதுகு வளைந்திருக்கிறது. ஒடுங்கிய இரு முனைகளையும் நீர் போதிய அளவு தாங்காததால் அவை தொங்கி, நடு புடைப்பது மரக்கப்பல்களின் பிறவி நோய். உலர்கூடத்தில் நீரை உள்ளே விட்டால் கப்பல் மட்டமாக எழும்பும். பிறந்த அன்றே முதுகு முறியும் ஆபத்து இல்லை. ஆனால் உயர் நீர் நாளைத் தவறவிட்டால் அடுத்த அமாவாசை அல்லது பௌர்ணமிவரை காத்திருக்க வேண்டும். அதனால் பீரங்கி, பாய்மரம், அடிப்பாரம் எதையும் ஏற்றாமல் வெறும் ஓடாகவே வெளியே விடுவார்கள்.

தொங்கும் முனைகளுக்கு வைத்தியம் கண்டவர் மேலே சொன்ன செப்பிங்ஸ். சட்டங்கள் எல்லாம் நேர்க்கோணத்தில் இருந்தால் கதவுச் சட்டம் போல நெளியும். மூலைக்கு மூலை சாய்வுச் சட்டம் போட்டால் நெளியாது. எந்தக் கிராமத்துத் தச்சனும் படல்கதவுக்குச் செய்வதுதான். ஆனால் கப்பலுக்குச் செய்ய 1810 வரை ஆனது.

‘டிரிங்கோமலி’யின் படமே ஒருமுறை தொலைந்தது. அதைச் சுமந்து வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812 டிசம்பர் 29இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் ‘கான்ஸ்டிட்யூஷன்’ அடித்து நொறுக்கியது. மறு பிரதி வரும்வரை வேலை தள்ளிப்போனது. அதே விபத்தில் ‘வெல்லஸ்லி’யின் படமும் போனது. அதற்காக அது நின்றுபோகவில்லை. அப்போதுதான் முடித்திருந்த ‘கார்ன்வாலிஸ்’ கப்பலின் கோடுகளையே வைத்து அதைக் கட்டினார்கள். ‘வெல்லஸ்லி’ 1940வரை மிதந்தது. பயிற்சிக் கப்பலாக தேம்ஸ் ஆற்றில் நின்றபோது ஜெர்மன் விமானத் தாக்குதலில் மூழ்கியது. ‘கார்ன்வாலிஸ்’ மேல்தான் 1842இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. அபின் போரின் முடிவு என்பதால் பெருமைப்பட அதிகமில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போர்க்கால அவசரத்தில் உலராத மரத்தை வைத்து இங்கிலாந்தில் கட்டிய 104 பீரங்கிக் கப்பலான ‘குயின் ஷார்லட்’ 1810இல் நீரில் இறங்கியது. கடலுக்குப் போகும் முன்பே பூஞ்சை பிடித்து உளுத்து, பெரும் செலவில் பிரித்துக் கட்ட நேர்ந்தது. வங்குகளை நிறுத்திவிட்டு ஓராண்டாவது காற்றில் காயவிட வேண்டும் என்பது எல்லாத் தலைமை ஓடாவிகளுக்கும் தெரியும். மேலிடத்துக்குத்தான் பொறுமை இல்லை. ‘டிரிங்கோமலி’ தேக்கால் மட்டுமே பிழைத்தது என்று சொல்வதும் மிகை. 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபின் கால் நூற்றாண்டுக்கும் மேல் கூரை போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓடாத கப்பல் தேயாது.

இன்னொன்று. தலைமை ஓடாவியின் நாளில் பாதி புதுக்கப்பலில் போகாது. பழுதில் போகும், கணக்கில் போகும், திருட்டில் போகும். ஆங்கிலப் பட்டறைகளில் சிதறிய மரத்துண்டுகளைத் தொழிலாளர் வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை இருந்தது, மூன்று அடிக்கு மிகாமல். நல்ல மரத்தையே மூன்று அடியாக அறுத்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். 1801இல் அதை நிறுத்தி, பதிலுக்குக் காசு கொடுத்தார்கள். தலைமை ஓடாவியின் சம்பளத்தைவிட அந்தக் கட்டுகளின் மதிப்பு அதிகமோ என்று தோன்றும்.

கப்பலின் அளவைச் சொல்லும் டன் கணக்கும் ஒரு கூத்துதான். நீளத்திலிருந்து அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, அகலத்தாலும் அரை அகலத்தாலும் பெருக்கி, 94ஆல் வகுப்பார்கள். ஆழம் கணக்கிலேயே வராது. துறைமுக வரி அந்தக் கணக்கின்படி என்பதால் வணிகக் கப்பல்களைக் குறுகலாக, ஆழமாகக் கட்டி வரியை ஏய்த்தார்கள். காற்று பலமானால் அவை ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். போர்க்கப்பலில் அந்தத் தந்திரம் செல்லாது.

சில திருத்தங்கள். அமெரிக்கத் தேசியகீதம் ‘மிண்டன்’ கப்பலில் எழுதப்பட்டது என்ற பெட்டிச் செய்தி தவறு. 1814இல் பால்டிமோர் குண்டுவீச்சைப் பார்த்து எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ இருந்தது, கைதி விடுதலை பேச வந்த அமெரிக்கச் சமாதானப் படகில். ‘கருப்பன் ஒருவன் கட்டிய கப்பல் இது’ என்று வசைச்சொல்லோடு ஜம்செட்ஜி உள் ஏராவில் செதுக்கி வைத்தார் என்ற கதை சுவையானது, நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. ஆனால் கதையாகச் சொன்னால் போதும், சான்றாகச் சொல்ல வேண்டாம். கட்டுரையில் ‘கீழ்த்தண்டு’, ‘எலும்புச்சட்டகம்’, ‘இடைவெளி அடைப்பு’ என்று வருகின்றன. ஏரா, வங்கு, கலப்பத்து, அணியம், அமரம் என்ற சொற்கள் தமிழில் இருக்கும்போது புதிதாகத் தைக்கத் தேவையில்லை.

ஜம்செட்ஜியின் ஓவியத்துக்குக் கீழே, ‘இடுப்பில் குறுவாளுடன்’ என்று போட்டிருக்கிறீர்கள். இடுப்புத்துணியில் செருகியிருப்பது குறுவாள் அன்று. அடிக்கோல், வெள்ளியில் செய்தது. அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாய்மரக் கப்பல் தொழிலில் ஈடுபாடுள்ள வாசகர்கள்,
தூத்துக்குடி